ஊசி போடாத முயல் சொன்னது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் அறிவியல் பக்கத்தில், வெளிவந்த ஆராய்ச்சிகளில் பல மறுபடி செய்து பார்த்தால் அதே முடிவைத் தருவதில்லை என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் மெனக்கெட்டிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் படித்து முடித்ததும், ஆய்வகத்தில் உட்கார்ந்து எல்லோரும் பொய்க்கணக்கு எழுதுகிறார்கள் போல என்ற எண்ணம்தான் மிஞ்சியது. என் வீட்டுக்காரரே காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப நீ இத்தனை வருஷம் பண்ணதெல்லாம் டூப்பா?” என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நீளம் என்றால் வெட்டிக்கொள்ளுங்கள். முயல் வரும் இடத்தை மட்டும் வெட்ட வேண்டாம்.

நான் மதுரையில் ஒரு செல் உயிரியல் ஆய்வகத்தில் 26 ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். பி.எச்டி. எல்லாம் கிடையாது, எம்.எஸ்சி. விலங்கியல். என் கையில் அதிகம் புழங்கியவை ஆன்டிபாடிகள். வேற்றுப்பொருள் உடம்புக்குள் வந்தால் அதைப் பிடிக்க ரத்தத்தில் உருவாகும் புரதம் அது. குறிப்பிட்ட ஒன்றைத் தேடிப் போய் ஒட்டும் என்பதால், செல்லுக்குள் ஒரு புரதம் எங்கே இருக்கிறது என்று காட்ட அதைப் பயன்படுத்துவோம். எதிர்ப்பொருள், பிறபொருளெதிரி என்றெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஆய்வகத்தில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் ஆன்டிபாடி என்றே எழுதுகிறேன். உங்கள் கட்டுரை ஆன்டிபாடியைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டது. எனக்கு மனத்தாங்கல் அங்கேதான்.

செல்லுக்குள் உட்கரு இருப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். அந்த உட்கருவுக்குள் இன்னும் அடர்த்தியாக இரண்டு மூன்று உருண்டைகள் தெரியும். அதுதான் நியூக்ளியோலஸ். உட்கருமணி என்று தமிழில் எழுதுகிறவர்கள் உண்டு, நல்ல சொல். அதைச் சுற்றிச் சவ்வு எதுவும் கிடையாது, இருந்தாலும் கலைந்துபோகாமல் நிற்கும். புரதம் செய்கிற ரைபோசோம்களின் பாகங்கள் உருவாகிச் சேர்வது அந்தப் பட்டறையில்தான். அங்கே வேலை பார்க்கும் புரதங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நாங்கள் அடிக்கடி தேடுவது ஃபைப்ரில்லரின், நியூக்ளியோலின், நியூக்ளியோபாஸ்மின் மூன்றையும்.

தேடுவது எப்படி? தபால் தலை அளவுக் கண்ணாடி வில்லையில் செல்களை வளர்ப்போம். அவை இருந்த இருப்பிலேயே உறைந்து நிற்க 4 சதவீத பாராபார்மால்டிஹைடு, 15 நிமிடம். சவ்வில் ஓட்டை போட டிரைட்டான், அது ஒருவகை சோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ட இடத்தில் ஆன்டிபாடி ஒட்டாமல் இருக்க மாட்டு ரத்தப் புரதக் கரைசல். அப்புறம்தான் முதல் ஆன்டிபாடி, 4 டிகிரி குளிரில் ராத்திரி முழுக்க. காலையில் மூன்று தடவை கழுவி, முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடியை ஊற்ற வேண்டும். பச்சைச் சாயம் இதில்தான் இருக்கும், ஆகவே இருட்டில் ஒரு மணி நேரம். கடைசியாக டி.என்.ஏ.வை நீலமாக்கும் டாபி. வில்லையைக் கவிழ்த்து ஒட்டி, ஓரத்தை நெயில் பாலிஷால் அடைக்க வேண்டும். ஆமாம், நெயில் பாலிஷ்தான். உலகம் முழுக்க ஆய்வகங்களில் அதைத்தான் பூசுகிறார்கள். நான் மேல மாசி வீதியில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் நிறமில்லாததாகப் பார்த்து வாங்குவேன். கடையில் இருந்த பெண், “என்னக்கா, மாசம் நாலு பாட்டில் வாங்குறீங்க, நகத்துல ஒண்ணையும் காணோமே” என்பாள்.

மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், நீல உட்கருவின் நடுவே நியூக்ளியோலஸ் இருக்கிற இடம் கறுப்பாகத் தெரியும். டாபி அங்கே அவ்வளவாகப் பிடிக்காது. அந்தக் கறுப்புக் குழிகளில் பச்சை கச்சிதமாகப் போய் உட்கார்ந்தால், ஆன்டிபாடி தன் புரதத்தைக் கண்டுபிடித்துவிட்டது என்று சந்தோஷப்படுவோம். சந்தோஷப்பட்டு ஏமாந்த கதையைச் சொல்கிறேன்.

2012-ல் எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவி, அவ்வளவாக யாரும் ஆராயாத ஒரு நியூக்ளியோலஸ் புரதத்தை எடுத்துக்கொண்டாள். அதற்கு ஒரே ஒரு ஆன்டிபாடிதான் விலைக்குக் கிடைத்தது. முயலில் தயாரித்தது, அதாவது அந்தப் புரதத்தை முயலுக்கு ஊசி போட்டு, அதன் ரத்தத்தில் உருவானதை எடுத்தது. 100 மைக்ரோலிட்டர், ஏறக்குறைய இரண்டு சொட்டு, 38,000 ரூபாய். ஆர்டர் போட்டு ஏழு வாரம் கழித்து வந்தது. பெட்டியைத் திறந்தபோது ஜெல் பை உருகி வெதுவெதுப்பாக இருந்தது. திரும்ப அனுப்பினால் இன்னும் ஏழு வாரம். சரி, வேறு வழியில்லை என்று பத்துப் பத்து மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 20-ல் வைத்தேன். திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்கினால் ஆன்டிபாடி கெட்டுவிடும், அதற்காகத்தான் பிரிப்பது.

முதல் வில்லையே பிரமாதம். ஒவ்வொரு உட்கருவிலும் மூன்று பச்சை உருண்டைகள். பக்கத்திலேயே ஃபைப்ரில்லரினைச் சிவப்பாகக் காட்ட எலி ஆன்டிபாடி ஒன்றையும் சேர்த்திருந்தோம். பச்சையும் சிவப்பும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மஞ்சள். பேராசிரியர் அன்று சாயங்காலம் எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார்.

அடுத்து, அந்தப் புரதத்தைக் குறைத்தால் செல்லுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கான சின்ன ஆர்.என்.ஏ. துண்டுகளைச் செல்லுக்குள் செலுத்தினாள். அந்த மரபணுவின் செய்தி ஆர்.என்.ஏ. ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது, அளந்து பார்த்தோம். பச்சை மட்டும் குறையவில்லை. “இது சீக்கிரம் அழியாத புரதம் போலக்கா” என்றாள். ஐந்து நாள் காத்திருந்தோம். அப்படியே இருந்தது. வெஸ்டர்ன் பிளாட் போட்டோம். புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடி எதைப் பிடிக்கிறது என்று பார்க்கும் முறை அது. 60 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கம் கோடு விழ வேண்டும், விழுந்தது 45-க்குக் கிட்டே. துண்டுபட்ட வடிவமாக இருக்கும் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்தது. கெட்டிக்காரர்களுக்குக் காரணம் கிடைப்பதில் என்ன சிரமம்?

ஒருநாள் ஒரு வில்லை மிச்சமாக இருந்தது. ஃப்ரீசரில் சாதாரண முயலின் ஆன்டிபாடி ஒரு சின்ன டியூபில் கிடந்தது. எந்தப் புரதமும் ஊசி போடாத, சும்மா புல் தின்றுகொண்டிருந்த முயலின் ரத்தத்தில் இருந்து எடுத்தது. அதே அளவு எடுத்து அந்த வில்லையில் ஊற்றினேன். மறுநாள் பார்த்தால் அதே மூன்று உருண்டைகள், அதே பச்சை.

நான் யாரிடமும் சொல்லாமல் இன்னும் இரண்டு தடவை செய்து பார்த்தேன். அப்புறம்தான் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அழவில்லை. ஐபீஸில் இருந்து கண்ணை எடுக்காமல், “எத்தனை மாசம்கா ஆச்சு?” என்று மட்டும் கேட்டாள். நான்கு மாதம் ஆகியிருந்தது.

நியூக்ளியோலஸ் அடர்த்தியான இடம். ஆர்.என்.ஏ.வும் புரதமும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். சில ஆன்டிபாடிகள் தாம் தேடும் புரதம் அங்கே இல்லாவிட்டாலும் போய் ஒட்டிக்கொள்ளும். மைட்டோகாண்ட்ரியாவைக் காட்ட வேண்டிய ஆன்டிபாடி நியூக்ளியோலஸைக் காட்டினால் யாருக்கும் உடனே சந்தேகம் வரும். நியூக்ளியோலஸ் புரதத்தைத் தேடுகிறவருக்கு அந்தச் சந்தேகம் வர வழியே இல்லை. தப்பும் சரியும் ஒரே இடத்தில் ஒரே நிறத்தில் மின்னும். மதுரைக்காரிக்கு மல்லிகைக்கும் காக்கரட்டானுக்கும் வித்தியாசம் தெரியும். சரமாகக் கட்டித் தொங்கவிட்டால் தூரத்தில் ரெண்டும் வெள்ளைதான், முகர்ந்தால் தெரிந்துவிடும். ஆன்டிபாடியை முகர முடியாது. ஊசி போடாத முயலை வைத்துத்தான் முகர வேண்டும்.

கம்பெனிக்கு எழுதினோம். அவர்கள் சோதனையில் சரியாக வருகிறதாம், எங்கள் முறையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அடுத்த சீசாவுக்கு 20 சதவீதம் தள்ளுபடி. கடைசியில் அந்தப் புரதத்தின் வாலில் ஒரு சின்ன அடையாளத் துண்டை ஒட்டவைத்து, அந்தத் துண்டைப் பிடிக்கும் வேறு ஆன்டிபாடியால் பார்த்தோம். புரதம் நியூக்ளியோலஸில் கொஞ்சமாக இருந்தது. பெரும்பகுதி உட்கருவின் மற்ற இடங்களில் பரவியிருந்தது.

அன்று அந்த வில்லை மிச்சமாகவில்லை என்றால் கட்டுரை வெளிவந்திருக்கும். சில வருடம் கழித்து வேறு ஊரில் யாரோ செய்து பார்த்து வராமல், உங்கள் பக்கத்தில் நாங்களும் புளுகர்கள் பட்டியலில் இருந்திருப்போம். அந்தப் பெண் ஒரு எண்ணைக்கூடத் திருத்தி எழுதியவள் இல்லை.

இது எங்கள் ஆய்வகத்துக்கு மட்டும் நேர்ந்த கொடுமையும் இல்லை. 2015-ல் ‘நேச்சர்’ இதழில் ஆண்ட்ரூ பிராட்பரியும் ஆண்ட்ரியாஸ் புளூக்துன்னும், கூடவே நூற்றுக்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் கையெழுத்துப் போட்டு, ஆய்வுக்கு விற்கும் ஆன்டிபாடிகளை ஒழுங்குபடுத்தச் சொன்னார்கள். 2023-ல் ‘இலைஃப்’ இதழில் வந்த ஆய்வு இன்னும் நேரடியானது. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று செய்தது. நரம்பு மண்டலம் தொடர்பான 65 புரதங்களுக்கு விற்பனையில் இருந்த 614 ஆன்டிபாடிகளை வாங்கி, ஒவ்வொன்றையும் சாதாரண செல்லிலும், அந்தப் புரதத்தின் மரபணுவையே நீக்கிய செல்லிலும் போட்டுப் பார்த்தார்கள். மரபணு இல்லாத செல்லில் ஒளி அணைந்துவிட வேண்டும். பாதிக்கு மேற்பட்டவை குறைந்தது ஒரு சோதனை முறையிலாவது தோற்றன. தேறாத ஆன்டிபாடியை நம்பி எழுதிய கட்டுரைகள் ஒரு புரதத்துக்குச் சராசரியாக 12.

இதில் முயலுக்கும் பங்குண்டு. ஒரு முயலின் ரத்தத்தில் ஒரே புரதத்துக்கு எதிராகப் பலவகை ஆன்டிபாடிகள் கலந்து இருக்கும். அது செத்தால் அந்தக் கலவையும் போயிற்று. அடுத்த முயலின் ரத்தத்தை அதே பெயரில், அதே கேட்டலாக் எண்ணில் அடைத்து அனுப்புவார்கள், எந்தத் தொகுப்பு என்று காட்டும் லாட் எண் மட்டும் மாறியிருக்கும். 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே செல்லின் வாரிசுகளில் இருந்து ஒரேவகை ஆன்டிபாடி எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள், 1984-ல் நோபல் வாங்கினார்கள். அது பெரிய நிம்மதிதான். ஆனால் ஒரேவகை என்றால் சரியான வகை என்று யார் சொன்னது?

ஃபைப்ரில்லரின் விஷயத்தில் இன்னொரு சங்கடம். அந்த மரபணுவை நீக்கிவிட்டுப் பார்ப்போம் என்றால் முடியாது. அது இல்லாமல் யீஸ்ட்கூட உயிர் வாழாது. குறைக்கத்தான் முடியும். அதனால் நாங்கள் வேறொரு சோதனையும் செய்வோம். ஆக்டினோமைசின்-டி மருந்தை மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் நியூக்ளியோலஸில் வேலை நின்றுபோகும். அப்போது ஃபைப்ரில்லரின் ஓரத்துக்குப் போய்த் தொப்பி போல ஒதுங்கும், நியூக்ளியோபாஸ்மின் உட்கரு முழுக்கக் கலைந்து பரவும். நல்ல ஆன்டிபாடி கூடவே நகரும். சும்மா ஒட்டிக்கொண்டிருப்பது அப்படி நகராது. இரண்டு மணி நேர வேலை. புதிதாக வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் வாரத்திலேயே இதைக் கற்றுக்கொடுத்துவிடுவேன்.

நல்ல ஆன்டிபாடி என்ன செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். இத்தாலியில் பெரூஜியாவில் புருனாஞ்சலோ ஃபாலினி என்ற மருத்துவரின் குழு, ஒருவகை ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் எலும்பு மஜ்ஜையில் நியூக்ளியோபாஸ்மினுக்கு ஆன்டிபாடி போட்டுப் பார்த்தது. நியூக்ளியோலஸில் இருக்க வேண்டிய புரதம் சிலருக்கு உட்கருவை விட்டே வெளியேறி சைட்டோபிளாசத்தில் கிடந்தது. 591 பேரில் 208 பேருக்கு அப்படி. அந்தத் தடத்தைப் பிடித்துப் போய்த்தான் அந்த மரபணுவின் பிழையைக் கண்டுபிடித்து 2005-ல் வெளியிட்டார்கள். இன்று அந்த வகை ரத்தப் புற்றுநோயில் சிகிச்சையைத் தீர்மானிக்கும் முன் அந்த மரபணுவைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. தொடக்கம், புரதம் இடம் மாறியதைக் காட்டிய ஒரு படம்.

இன்னொன்று எங்கள் வீட்டு விஷயம். 2017 மார்கழியில் திண்டுக்கல்லில் இருக்கும் என் அண்ணி போன் செய்தார்கள். காலையில் அரிசி களைந்தால் விரல் சாக்பீஸ் மாதிரி வெளுத்துப்போய், அப்புறம் நீலமாகிறது என்று டாக்டரிடம் போயிருக்கிறார்கள். டாக்டர் ஏ.என்.ஏ. டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார், உட்கருவில் ஒட்டும் ஆன்டிபாடி நம் ரத்தத்திலேயே இருக்கிறதா என்று பார்ப்பது அது. ரிப்போர்ட்டில் ‘நியூக்ளியோலார், 1:320’. 320 மடங்கு நீர்த்த பிறகும் நியூக்ளியோலஸ் மின்னியது என்று அர்த்தம். “நீ அந்த லேப்லதானே இருந்த, இது என்ன வியாதிம்மா?” என்றார்கள். குரல் நடுங்கியது. பிள்ளைகள் செல்போனில் தேடிப் பார்த்துப் பயமுறுத்தியிருந்தார்கள்.

அன்று மத்தியானமே பஸ் ஏறினேன். அந்த டெஸ்டும் நாங்கள் செய்யும் வேலையேதான், கொஞ்சம் திருப்பிப் போட்டது. இங்கே ஹெப்-2 என்ற செல் தயாராக வில்லையில் இருக்கும், ஆன்டிபாடி நோயாளியின் ரத்தத்தில் இருந்து வரும். (குரல்வளைப் புற்றுநோய்ச் செல் என்று நினைத்து ஆரம்பித்த ஹெப்-2, உண்மையில் ஹீலா என்ற வேறொரு புற்றுநோய்ச் செல் கலந்துபோனது என்று பிற்பாடு தெரிந்தது. லேபிளை நம்பாதே என்பதற்கு அதுவே ஒரு உதாரணம்.) அண்ணியின் ரத்தத்தில் இருந்த ஏதோ ஒன்று போய் நியூக்ளியோலஸில் ஒட்டியிருக்கிறது. எந்தப் புரதத்தில் என்று அந்தக் காகிதத்தில் இல்லை, பல புரதங்களுக்கு எதிரானவை இதே தோற்றத்தைத் தரும்.

அண்ணிக்கு நான் சொன்ன இன்னொரு விஷயம்தான் அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஃபைப்ரில்லரின் என்ற புரதம் இருப்பதே தெரியவந்தது இப்படிப்பட்ட நோயாளிகளின் ரத்தத்தால்தான். தோல் இறுகிப்போகும் ஸ்கிளீரோடெர்மா நோயாளிகள் சிலரின் ரத்தத்தில் இருந்த ஆன்டிபாடியை வைத்து, 1985-ல் ஹூஸ்டனில் பெய்லர் மருத்துவக் கல்லூரியில் ராபர்ட் ஓக்ஸும் ஹாரிஸ் புஷ்ஷும் அவர்கள் குழுவும் 34 கிலோடால்டன் எடையுள்ள அந்தப் புரதத்தை அடையாளம் கண்டு பெயர் வைத்தார்கள். முதலில் வந்தது ஆன்டிபாடி, அப்புறம்தான் புரதம். “அப்ப எங்க ரத்தமும் ஆராய்ச்சிக்கு ஆகும்ங்கிற” என்று சிரித்தார்கள். மூன்று நாளாகச் சிரிக்காதவர்கள்.

மூட்டு நோய் மருத்துவர் அந்த ரிப்போர்ட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசையில் வைத்துவிட்டார். “காகிதத்துக்கு மருந்து தர மாட்டேன், கையக் காட்டுங்கம்மா” என்றார். 1997-ல் எங் டான் என்ற ஆய்வாளரின் குழு பல நாடுகளில் ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை இதே முறையில் சோதித்தபோது, 1:40 நீர்ப்பில் 31.7 சதவீதம் பேருக்கும், 1:80-ல் 13.3 சதவீதம் பேருக்கும் பாசிட்டிவ் வந்தது. அண்ணியுடையது அதைவிடக் கூடுதல் நீர்ப்பு என்பதால் அலட்சியமும் செய்யவில்லை. நகக்கண், தோல், நுரையீரல் எல்லாம் பார்த்து, வேறு டெஸ்டுகளும் எடுத்துத்தான் முடிவு சொன்னார். இப்போது மருந்தில் இருக்கிறார்கள். மார்கழியில் கையுறை போட்டுக்கொள்கிறார்கள், அரிசி களைவது அண்ணன்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் ஆன்டிபாடி வாங்கக் கொடுக்கிறார்கள். அதைச் சோதிக்க இரண்டு மாதமும் சில ஆயிரங்களும் வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதினால் அடித்துவிடுகிறார்கள். கண்டுபிடிப்பாக எதுவும் வராத இரண்டு மாதம் என்று யாருக்கும் பொறுமை இல்லை. இதைப் பற்றி உங்கள் நிருபர் யாரையாவது விசாரித்து எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை பச்சை மின்னும் படம் ஒன்றை ஆய்வாளர் யாராவது உங்களிடம் கொடுத்தால், எந்த ஆன்டிபாடி, என்ன லாட், புரதம் இல்லாத செல்லில் எப்படி இருந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். ஒழுங்காகச் செய்தவர் கோபப்பட மாட்டார், பையில் இருந்து இன்னும் நாலு படத்தை எடுத்துக் காட்டுவார்.

அந்த 38,000 ரூபாய் ஆன்டிபாடியில் மூன்று டியூப் இன்னும் மைனஸ் 20-ல் இருக்கிறது. பேராசிரியர் தூக்கிப்போட விடவில்லை. ஓய்வு பெற்ற அன்று அந்தப் பெட்டியின் மேல் ‘சாதாரண முயலையும் கேட்கவும்’ என்று மார்க்கரில் எழுதிவைத்துவிட்டு வந்தேன்.

கடைசியாக ஒரு திருத்தம். உங்கள் கட்டுரையோடு போட்ட படத்தின் கீழ் ‘பச்சை நிறத்தில் உட்கரு’ என்று அச்சாகியிருக்கிறது. நீலமாக இருப்பதுதான் உட்கரு. பச்சையாக இருப்பது அதற்குள் இருக்கும் நியூக்ளியோலஸ். அல்லது அதில் ஒட்டிக்கொண்ட வேறு ஏதோ, படத்தை மட்டும் பார்த்து என்னால் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக டெக்னீஷியன்,
மதுரை.
(பெயரை வெளியிட வேண்டாம். அந்த மாணவி இப்போது ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள்.)